ட்ரை சூட் வாங்கப் போகிறீர்களா? உள்ளிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீடு களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே, எல்லையை ஒட்டி இருக்கிறது. முற்றத்தில் நின்று பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள ரப்பர் மரங்கள் கேரளக் கணக்கு, இந்தப் பக்கம் உள்ளவை தமிழ்நாட்டுக் கணக்கு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கோவளத்தில் டைவிங் படித்துவிட்டு மேற்படிப்புக்கோ வேலைக்கோ ஸ்காட்லாந்து, நார்வே என்று போகிறார்கள். போய் இரண்டு மாதத்தில் எனக்கு போன் வரும். "அண்ணே, இங்க தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு, எந்த ட்ரை சூட் வாங்கலாம்?" ட்ரை சூட் என்றால் குளிர் நீரில் டைவ் பண்ண, தண்ணீர் உள்ளே புகாதபடி செய்த முழு உடம்பு உடை. நான் ஸ்காட்லாந்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தபோது கிடைத்த சனி ஞாயிறெல்லாம் தண்ணீரில்தான் கழித்தேன். அந்த அனுபவத்தில் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். கம்பெனிப் பெயரிலிருந்து தொடங்கினால் பணம்தான் வீணாகும். உடம்பை ஒட்டி இருப்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து வெளியே வாருங்கள், மேலே போடுகிற சூட் கடைசியில் வரட்டும்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு இது தேவையா?

கோவளம், விழிஞ்ஞம் பக்கம் மட்டும் டைவ் பண்ணுகிறவர்களுக்குத் தேவையே இல்லை. நம் கடல் வருடத்தில் பெரும்பகுதி 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடித்தண்ணீர் மேலே ஏறி வருவதால் சில டிகிரி குறையும். முள்ளூர், விழிஞ்ஞம் பாறைகளில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களைக் கேளுங்கள், அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். ஆனால் அதற்கும் 3 மில்லிமீட்டர் வெட் சூட் (உடம்பை ஒட்டிய, தண்ணீர் உள்ளே நுழைகிற ரப்பர் உடை) போதும், ரொம்பக் குளிருகிற உடம்பென்றால் 5 மில்லிமீட்டர். அந்தமான், லட்சத்தீவு, புதுச்சேரி, கர்நாடகத்தின் நேத்ராணி தீவு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போகிற இடத்தில் அடிக்கடி இறங்கப் போகிறீர்கள் என்றால் ட்ரை சூட்டைப் பற்றி யோசிக்கலாம். 10 டிகிரிக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், அது வேண்டும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். அங்கே டைவ் பண்ண ட்ரை சூட் சான்றிதழையோ, ட்ரை சூட்டில் 10 டைவ் முடித்த பதிவையோ காட்டச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ என்ற கடல் பகுதியில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் கடற்படை தானே மூழ்கடித்த கப்பல்களில் சில இன்றும் அடியில் கிடக்கின்றன. அதைப் பார்க்கத்தான் நான் முதலில் அங்கே போனேன். தண்ணீர் கோடையிலும் 13 டிகிரிக்குப் பக்கம்தான், பெரிய கப்பல்கள் கிடப்பது 30 மீட்டருக்கும் கீழே. குளிர் நீரில் அந்த ஆழத்துக்கு வெட் சூட் ஏன் போதாது என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். வெட் சூட் செய்கிற நியோபிரீன் என்ற பஞ்சு மாதிரி ரப்பருக்குள் சின்னச் சின்ன வாயுக் குமிழிகள் இருக்கின்றன, சூடு காப்பது அவைதான். பத்து மீட்டருக்கு ஒரு முறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, குமிழிகள் நசுங்கிப் போகும், மேலே கதகதப்பாக இருந்த 7 மில்லிமீட்டர் சூட் கீழே மெல்லிய துணி மாதிரி ஆகிவிடும். தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது.

ட்ரை சூட் உங்களைச் சூடாக்கும் என்று நினைக்காதீர்கள். அது தண்ணீரை வெளியே நிறுத்துகிறது, அவ்வளவுதான். சூடு காப்பது உள்ளே நீங்கள் போட்டிருக்கும் துணியும் அதில் சிக்கியிருக்கும் காற்றும். அதனால்தான் உள்ளிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

உள்சட்டை

பருத்தி வேண்டாம். இதை நம்மவர்களுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பனியனும் சாரமும் துவர்த்தும் பருத்தியாகவே பார்த்து வளர்ந்தவர்கள் நாம், உடம்போடு ஒட்டிப் போடுவதென்றால் கை தானாகப் பருத்தியைத் தேடிப் போகும். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். கரையில் சூட்டை மாட்டிக்கொண்டு காற்று டேங்கைத் தூக்கி நடக்கும்போதே நன்றாக வியர்க்கும், அந்த ஈரத்தோடு 8 டிகிரி தண்ணீருக்குள் போனால் இருபது நிமிடத்தில் முதுகு விறைத்துவிடும். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளியோ, வியர்வையை வெளியே தள்ளுகிற செயற்கை இழை பனியனோ போடுங்கள். அதன் மேலே தடித்த அடுக்கு, அதாவது ஃப்ளீஸ் அல்லது தின்சுலேட் (குளிர் தாங்க வைக்கும் மெல்லிய செயற்கை இழைப் பஞ்சு) வைத்த முழு உடம்புச் சட்டை. தின்சுலேட்டுக்கு ஒரு நல்ல குணம், கொஞ்சம் ஈரமானாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும், சூட்டுக்குள் தண்ணீர் கசிந்த நாளில் அதன் அருமை தெரியும்.

உள்சட்டைகளை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லி விற்பார்கள். 200 கிராம் என்றால் நடுத்தரக் குளிருக்கு, 400 கிராம் என்றால் கடுங்குளிருக்கு. சாண்ட்டி கம்பெனியின் பிஇசட் 400 என்ற பெயரில் இருக்கும் 400 அதுதான். முதலிலேயே தடிப்பானதை வாங்கிவிடலாம் என்று தோன்றும். நான் இரண்டு மெல்லிய அடுக்கையே சொல்வேன், கோடையில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் போகலாம். அப்புறம் துணி தடிப்பாக ஆக உள்ளே அடங்கும் காற்றும் கூடும், அந்தக் காற்றைக் கீழே இறக்க ஈயமும் கூடும், அந்த ஈயத்தைச் சுமக்கப்போவது உங்கள் இடுப்பு.

இன்னொன்று. உள்சட்டையின் கை நீளமாக இருந்து மணிக்கட்டு சீலுக்கு, அதாவது தண்ணீர் நுழையாமல் கையைக் கவ்வும் ரப்பர் வளையத்துக்கு, அடியில் போய்விட்டால், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல அந்தத் துணி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். "சூட் ஒழுகுது" என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். கட்டைவிரலில் மாட்டுகிற வளையம் உள்ள சட்டையென்றால், சூட்டை மாட்டி முடித்ததும் அந்த வளையத்தைக் கழற்றித் துணியைச் சீலுக்கு மேலே தள்ளிவிட வேண்டும்.

சீல்: கழுத்தும் மணிக்கட்டும்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், நீங்களும் செலவழியுங்கள். தண்ணீர் உள்ளே வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த மூன்று வளையங்களின் கையில்தான் இருக்கிறது. கழுத்தில் ஒன்று, கைக்கு ஒன்றாக இரண்டு.

லேட்டெக்ஸ், சிலிக்கோன், நியோபிரீன் என மூன்று வகை. லேட்டெக்ஸ் என்பது நம் வீட்டுப் பின்னால் சிரட்டையில் சொட்டுகிற ரப்பர் பாலேதான். அப்பா நாற்பது வருடம் ரப்பர் வெட்டியவர். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், பத்து மணிக்குப் பாலோடு வருவார், ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட் அடித்துக் கொடியில் போடுவார். முதல் தடவை என் ட்ரை சூட்டை ஊருக்குக் கொண்டுவந்தபோது அவர் கழுத்துச் சீலை மட்டும் கையில் எடுத்தார். இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார், மடிப்பு விழும் இடத்தில் நகத்தால் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "மக்கா, இது வெயில் கண்டிருக்கு" என்றார். நான் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அவர் இழுத்துப் பிடித்த இடத்தில், தலைமுடியைவிட மெல்லிய வெடிப்புகள், வறண்ட குளத்துச் சேறு மாதிரி ஒரு சதுர அங்குலத்துக்குள் இருந்தன. அடுத்த மாதம் அதே இடத்தில்தான் கிழிந்தது.

அன்று அவர் சொன்னவை எல்லாமே சீலுக்கும் பொருந்தும். ரப்பருக்கு வெயில் ஆகாது. எண்ணெய் ஆகாது. செம்பு ஆகாது, தோட்டத்தில் செம்பு கலந்த துரிசு மருந்து அடிக்கும் நாளில் பால் பாத்திரத்தில் அது பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது இதனால்தான். ஓசோனும் ஆகாது, மோட்டாரின் தீப்பொறியில் அந்த வாயு உண்டாவதால் மோட்டார் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ரப்பரைத் தொங்கவிட்டால் சீக்கிரம் வெடிக்கும். நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது தேங்காய் எண்ணெய். காலையில் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு அதே தலையை லேட்டெக்ஸ் கழுத்துக்குள் நுழைத்தால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எண்ணெய் ரப்பரில் ஊறும், சில மாதத்தில் சீல் பிசுபிசுவென்று ஒட்டும், நீளும், பிறகு கிழியும். டைவ் பண்ணும் நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம், முந்தின இரவே ஷாம்பு போட்டுக் குளித்துவிடுங்கள். சன் ஸ்கிரீனும் கழுத்தில் வேண்டாம்.

கவனமாக வைத்துக்கொண்டாலும் லேட்டெக்ஸ் பொதுவாக ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிவரும். ஆனால் நன்றாக நீளும், எல்லாக் கழுத்துக்கும் பொருந்தும், விலை குறைவு. சிலிக்கோன் இன்னும் மென்மையானது, லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுதான் வழி, ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் சரசரவென்று கிழிந்துவிடும், சூட்டோடு நேராகப் பசை போட்டு ஒட்டவும் முடியாது, பிளாஸ்டிக் வளைய அமைப்பு வேண்டும். அந்த வளையத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள் என்பேன். வளையம் இருந்தால், படகில் போகும்போது சீல் கிழிந்தாலும் பத்து நிமிடத்தில் நீங்களே மாற்றிவிட்டு இறங்கலாம், இல்லையென்றால் அன்றைய நாள் போச்சு, சூட்டைக் கடைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நியோபிரீன் சீல் கதகதப்பு, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும்.

கழுத்துச் சீல் எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம்? புதுச் சீல் எல்லாமே இறுக்கமாகத்தான் வரும், கழுத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளும்படி வளையம் வளையமாகக் கோடு போட்டிருப்பார்கள். "பரவாயில்லை, பழகிவிடும்" என்று வெட்டாமல் விடாதீர்கள். கழுத்தின் இரு பக்கமும் ரத்தக்குழாயில் அழுத்தம் அறியும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே தொடர்ந்து அழுத்தினால் மூளை இதயத்தை மெதுவாக்கச் சொல்லும், தலை சுற்றும், சிலருக்கு மயக்கமே வரும். தண்ணீருக்கு அடியில் அது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரையில் சூட்டைப் போட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முகம் சிவந்து கனத்தால், எச்சில் விழுங்க உறுத்தினால், தலை லேசானால் கழற்றிவிட்டு ஒரே ஒரு வளையம் வெட்டுங்கள். கூர்மையான பெரிய கத்தரிக்கோலால், நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக. நடுவில் நிறுத்தித் தொடங்கினால் பிசிறு விழும், கிழிசல் அந்தப் பிசிறில்தான் தொடங்கும். மறுபடி போட்டுப் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு வளையம். வெட்டியதை ஒட்ட முடியாது, அவசரம் வேண்டாம்.

மணிக்கட்டில் வேறு ஒரு சங்கதி. கையை மடக்கும்போது உள்பக்க நரம்புகள் இரண்டு எழும்பி நடுவில் ஒரு வாய்க்கால் விழும், தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். கை மெலிந்தவர்களுக்கு இது அதிகம். சீலைக் கையில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சீலுக்கு அடியில் ஒற்றை முடி இருந்தாலும் ஒழுகும், கழுத்தில் செயினோ ஜெபமாலையோ கையில் கறுப்புக் கயிறோ இருந்தாலும் ஒழுகும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சீலுக்குக் கீழே, உள்சட்டைக்குள் முழுக்கப் போய்விடும்படி நீளமான செயினில் கோத்துப் போடுங்கள்.

இப்போது மேல் சூட்

என்ன துணி என்பதில் மூன்று வழிகள்தான் உண்டு. முதலாவது ட்ரைலேமினேட். இரண்டு துணிகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் வைத்து ஒட்டியது. லாரி, சைக்கிள் டியூப்பில் காற்று நிற்பதும் இந்தப் பியூட்டைல் ரப்பரால்தான், அதனால் பஞ்சர் ஒட்டுகிற மாதிரியே இதையும் ஒட்டிவிடலாம். லேசானது, சீக்கிரம் காயும், பெட்டியில் மடித்து விமானத்தில் கொண்டு போகலாம், ஆனால் தன் பங்குக்கு ஒரு சூடும் தராது, எல்லாம் உள்சட்டையின் பொறுப்பு. இரண்டாவது நியோபிரீன். இதில் சாதாரண நியோபிரீனும் உண்டு, அழுத்தி நசுக்கிய நியோபிரீனும் உண்டு, டியுஐ கம்பெனியின் சிஎஃப் 200 நசுக்கிய வகை. நசுக்கியது ஆழத்தில் மேலும் நசுங்காது, முரட்டுத்தனமாக உழைக்கும், உடம்போடு வளையும், ஆனால் கனம் அதிகம், காய நாளாகும். மூன்றாவது வல்கனைஸ் செய்த கெட்டி ரப்பர் சூட், வைகிங் கம்பெனியுடையது மாதிரி. துறைமுகச் சகதியிலும் கழிவுநீரிலும் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு அதுதான், ஏனென்றால் மேலே துணி இல்லாததால் அழுக்கை ஊறவிடாது, கழுவி எடுத்துவிடலாம். பொழுதுபோக்குக்கு டைவ் பண்ணும் உங்களுக்கு அது தேவைப்படாது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்துபோகிற நம் மாதிரி ஆட்களுக்கு ட்ரைலேமினேட்தான் சரி என்பது என் கருத்து. ஸ்காட்லாந்தில் அக்டோபரிலும் இறங்கலாம், உள்சட்டையை மாற்றினால் கோடையிலும் இறங்கலாம், பெட்டியில் ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும்.

அளவு எடுப்பது

கடையில் ஸ்மால், மீடியம் என்று கிடைப்பதை நம்பி வாங்காதீர்கள், குறைந்தது போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கிய கடையில் உள்சட்டை இல்லாமல் டி-ஷர்ட்டோடு போட்டுப் பார்க்க வைத்தார்கள். பொருத்தம் அருமை என்று சொல்லிப் பணமும் வாங்கினார்கள். பிறகு 400 கிராம் உள்சட்டையோடு போட்டபோது கையைத் தலைக்கு மேலே தூக்கவே முடியவில்லை, டேங்க் வால்வைத் தொட முடியவில்லை. அந்த சூட்டைப் பாதி விலைக்கு விற்றேன்.

அடுத்ததை அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னேன். சாண்ட்டி, ஆட்டர், உர்சூட் போன்ற பல கம்பெனிகள் அளவுக்குத் தைத்துத் தருகின்றன. அப்போது நான் ஊரில் இருந்தேன், எங்கள் சந்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் அளவுத் தாளை நீட்டினேன். மே மாத வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, நான் தடித்த உள்சட்டையோடு நிற்க, அவர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். கழுத்து, தோளிலிருந்து தோள், தோளிலிருந்து தொடை இடுக்கு வழியாக மறுபடி தோள், முழங்கை மடக்கி ஒரு அளவு, நீட்டி ஒரு அளவு, குத்த வைத்த நிலையில் முதுகு. "தம்பி, கோட்டுக்கு இத்தனை அளவு கேட்க மாட்டாங்க" என்றார். கடைசியில் அவராகவே ஒரு விஷயம் செய்தார், என்னைக் குனியச் சொல்லிவிட்டு முதுகின் நீளத்தை மறுபடி எடுத்தார், நிற்கும்போது எடுத்ததைவிட நான்கு விரற்கடை கூடுதல். அந்த எண்ணைத் தனியாக எழுதி அனுப்பினேன். எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே நன்றாகப் பொருந்திய சூட் அதுதான்.

கடையிலேயே போட்டுப் பார்ப்பதென்றால் உங்கள் தடித்த உள்சட்டையைக் கையோடு கொண்டு போங்கள். போட்டதும் முழுக்கக் குத்த வையுங்கள், ஒரு முழங்காலை நெஞ்சு வரை தூக்குங்கள், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உங்களை நீங்களே அணைத்துக்கொள்ளுங்கள், பின்கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் டேங்க் வால்வு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். எங்காவது இழுத்தால் சின்னது. கணுக்காலில் துணி பையாகத் தொங்கினால் பெரியது, தண்ணீரில் அந்தப் பைக்குள் காற்று போய்க் காலைத் தூக்கும்.

ஜிப், வால்வு, காலணி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிப் முதுகில் இருந்தால் பூட்ட இன்னொரு ஆள் வேண்டும், முன்பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்காக ஓடினால் நீங்களே போட்டுக்கொள்ளலாம், விலை கூடும், ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுக்கலாம். பித்தளை ஜிப் உறுதியானது, ஆனால் மடக்கினால் பல் உடையும், தேன்மெழுகு தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஜிப் எளிதாக வளையும், அதற்குக் கடைசி முனையில் சிலிக்கோன் கிரீஸ் போதும். எதுவானாலும் கடைசி ஒரு சென்டிமீட்டர் பூட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

காற்று நிரப்பும் வால்வு நெஞ்சில், வெளியேற்றும் வால்வு இடது மேல்கையில். சை டெக், ஏபெக்ஸ் இரண்டுமே நல்ல வால்வுகள், உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும். உங்கள் பி.சி.டி.யின் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கக் காற்று நிரப்பும் மேல்சட்டை) பட்டை நெஞ்சு வால்வை மூடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலுக்கு, சூட்டோடு ஒட்டிய பூட்ஸ் ஒரு வழி, மெல்லிய சாக்ஸ் வைத்து அதன் மேல் தனியாகக் கட்டுகிற பூட்ஸ் இன்னொரு வழி. எனக்குச் செருப்பு போட்டே வளர்ந்த அகலக் கால், தனி பூட்ஸ்தான் ஒத்துவந்தது. எப்படியும் உங்கள் பழைய ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) நுழையாது, அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

பழையதை வாங்கலாமா?

வாங்கலாம். புதிது என்றால் பிரிட்டனில் ஆயிரம் பவுண்டிலிருந்து மூவாயிரம் வரைக்கும் போகிறது, மாணவர்களுக்கு அது பெரிய தொகை. பழையதில் சீல் போயிருந்தால் பயப்படாதீர்கள், அது மாற்றக்கூடியது, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஜிப் போயிருந்தால் வேண்டாம், மாற்றும் செலவு சூட்டின் விலைக்கே கிட்டே வந்துவிடும். ஜிப்பைத் திறந்து பல்வரிசையை வெளிச்சத்தில் பாருங்கள், துணி ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒழுகுகிறதா என்று முற்றத்திலேயே பார்த்துவிடலாம். இரண்டு மணிக்கட்டுச் சீலிலும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலை நுழையுங்கள், கழுத்தில் பிள்ளைகள் விளையாடுகிற பந்து ஒன்றை வைத்து அடையுங்கள், ஜிப்பைப் பூட்டி, வெளியேற்றும் வால்வை மூடிவிட்டு, நெஞ்சு வால்வு வழியாகக் காற்றை நிரப்புங்கள். மெதுவாக, கொஞ்சமாக, உப்பி நிற்கும் அளவுக்கு மட்டும். சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து எல்லாத் தையலிலும் தடவுங்கள், பஞ்சர் கடையில் பார்த்த அதே குமிழிதான் இங்கேயும். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுவைத்து, காய்ந்ததும் உள்பக்கம் அக்வாசீல் மாதிரிப் பசையைத் தடவுங்கள். தொடை இடுக்கையும் முழங்கால் பின்பக்கத்தையும் இரண்டு தடவை பாருங்கள், அதிகம் உராயும் இடம் அவைதான்.

போட்டுப் பழகுவது

சூட்டை வாங்கிவிட்டு நேரே கடலுக்குப் போகாதீர்கள். முதலில் வாடகைக்கு எடுத்து, ட்ரை சூட் கோர்ஸ் படியுங்கள், பேடி என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தின் கோர்ஸ் என்றால் குளத்தில் ஒரு வகுப்பும் கடலிலோ ஏரியிலோ இரண்டு டைவும் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் படித்தால் எந்த மாதிரி உங்களுக்கு ஒத்துவரும் என்பதும் தெரிந்துவிடும்.

கோர்ஸில் மிக முக்கியமாகக் கற்க வேண்டியது காற்று காலுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பது. தலை கீழாகச் சாய்ந்தால் சூட்டுக்குள் உள்ள காற்று முழுக்கக் காலுக்கு ஓடும், வெளியேற்றும் வால்வோ கையில் இருக்கிறது, காற்று அங்கே வராது. கால் மேலே இழுக்க, மேலேறும்போது அழுத்தம் குறைய, காற்று இன்னும் விரிய, ராக்கெட் மாதிரி மேலே போய்விடுவீர்கள். அந்த வேகத்தில் நுரையீரலுக்கும் ஆபத்து, ரத்தத்தில் குமிழி உண்டாகும் ஆபத்தும் உண்டு. முழங்காலை நெஞ்சோடு மடக்கி, பலமாக உதைத்து உருண்டு, தலையை மேலே கொண்டுவந்து, இடது முழங்கையைத் தூக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதை ஆழமில்லாத இடத்தில், பக்கத்தில் ஆசிரியர் இருக்கும்போது, கை தானாகச் செய்கிற வரை பத்துத் தடவையாவது செய்யுங்கள். நிரப்பும் வால்வு சிக்கிக்கொண்டு தானே காற்று ஏறினால் குழாயைக் கழற்றுவதையும் அதேபோல், கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள்.

கீழே இறங்கும்போது சூட் உடம்பைக் கவ்வும், துணி மடிப்பு தோலைக் கடித்துச் சிவந்த தழும்பு விழும். அந்தக் கடி போகிற அளவுக்கு மட்டும் நெஞ்சு வால்வு வழியாகச் சூட்டுக்குள் காற்று ஏற்றுங்கள். மிதப்பைச் சரிசெய்ய பி.சி.டி.யைப் பயன்படுத்துவதுதான் என் பழக்கம், சூட்டுக்குள் காற்று குறைவாக இருந்தால் அது ஓடித் திரியவும் இடமில்லை. ஹீலியம் கலந்த வாயுவை மட்டும் சூட்டுக்குள் விடவே விடாதீர்கள், அது காற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஈயம் எவ்வளவு என்பதை டேங்கில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மிச்சமிருக்கும்போது ஐந்து மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள், முழு டேங்கோடு பார்த்து ஏமாறாதீர்கள்.

சூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடுவோம் என்று சிலர் பயப்படுகிறார்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை, அதனால் கல் மாதிரிப் போக மாட்டீர்கள். சூட்டில் இருந்த காற்று போய் மிதப்பு குறையும், அதை பி.சி.டி. தாங்கும். உண்மையான பிரச்சினை குளிரும், படகு ஏணியில் ஏறும்போது காலில் நிற்கிற தண்ணீரின் பாரமும்தான். டைவை முடித்துக்கொண்டு, ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள்.

ஊரில் யாருக்கும் காட்டுவதற்காக மே மாதத்தில் முழு சூட்டையும் மாட்டி நிற்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது, உடம்புச் சூடு ஏறித் தலை சுற்றும்.

கழுவுவதும் வைப்பதும்

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில், வால்வுகளையும் ஜிப்பையும் குறிப்பாக, கழுவுங்கள். முதலில் வெளிப்பக்கம், பிறகு உள்பக்கம் ஈரமென்றால் திருப்பிப் போட்டு நிழலில் காய வையுங்கள், மொட்டைமாடி வெயிலில் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் சீலுக்கு வாசனை இல்லாத சுத்தமான டால்க் பவுடர் தடவுங்கள். கடையில் கிடைக்கும் வாசனைப் பவுடரில் எண்ணெய் கலந்திருக்கும். நம் ஊரில் ஜூன் தொடங்கினால் அலமாரிக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், அதனால் மழைக்காலத்தில் சூட்டைப் பெட்டிக்குள் அடைக்காமல் அகலத் தோளுள்ள ஹேங்கரில், ஃப்ரிட்ஜுக்கும் இன்வெர்ட்டருக்கும் தள்ளி, சாமியறைச் செம்புப் பாத்திரங்களுக்கும் தள்ளித் தொங்கவிடுங்கள். ஜிப் மடங்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இறக்கிச் சீலை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள், அப்பா பார்த்த மாதிரி, மடிப்பு விழும் இடத்தில். தலைமுடி வெடிப்பு தெரிந்தால் அந்த வாரமே மாற்றுச் சீலுக்குச் சொல்லிவிடுங்கள். எப்படியும் டைவிங் பையில் ஒரு ஜோடி மணிக்கட்டுச் சீலும் ஒரு கழுத்துச் சீலும், காற்றுப் புகாத கவரில், பவுடர் தடவி, எப்போதும் இருக்கட்டும்.